சொந்தக்காரர் இல்லாத ஊர்

பிரான்சில் ஏதாவது ஓர் ஊரில் வீடெடுத்துத் தங்கி, தினமும் காரில் சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பார்த்து வருவதென்று நானும் கணவரும் முடிவு செய்தோம். எந்த ஊர் என்பதில்தான் இழுபறி. மொன்றியலில், எங்கள் சமையலறை மேசையில் விரித்த வரைபடத்தில் அவர் கோட்டைகளைத் தேடினார். நான் சொந்தக்காரர் இல்லாத இடத்தைத் தேடினேன். பக்கத்தில் ஒருவர் இருக்க, அவர் வீட்டில் தங்காமல் வாடகை வீட்டில் தங்கினால், அடுத்த கல்யாண வீட்டிலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில் பாரிசிலிருந்து வெகு தொலைவில், தோர்தோன் ஆற்றங்கரையில், ஒரு தமிழ்க் கடைகூட இல்லாத ஊர் அகப்பட்டது. வீட்டைப் பதிவு செய்த பிறகுதான் பாரிசிலிருக்கும் மச்சாளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?" என்று கேட்டாள்.

"ஓம், ஒருத்தரும் இல்லை" என்றேன், கவலைப்படுகிற குரலில்.

"ஐயோ, தனியக் கிடந்து என்ன செய்யப் போறியள்? நாங்களும் வாறம். வரேக்க நண்டு வாங்கிக்கொண்டு வாறம். பெரிய சட்டி இருக்கோ எண்டு வீட்டுக்காரரைக் கேளுங்கோ."

பெரிய சட்டி இருந்தது. அந்த விடுமுறையில் நாங்கள் பார்த்தது ஒரேயொரு கோட்டை. அது சமையலறை ஜன்னலால் தெரிந்தது.