தக்காளிக்கு டிரிப்ஸ் ஏற்றிய அத்தை

எங்கள் ஊர்ப்பக்கம் இப்போது பாதி வயல்களில் கறுப்புக் குழாய் ஓடுகிறது. சொட்டு நீர்ப் பாசனம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்து சிரிப்பு வரும். காரணம் என் அத்தை.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அப்பாவின் தங்கையான அத்தைக்கு அந்த வருடத் தை மாதம்தான் விழுப்புரம் பக்கம் கல்யாணம் ஆகியிருந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்து வருவதும் ஆவணியில் திருப்பி அனுப்புவதும் வழக்கம். அத்தையோ, இங்கிருந்து யாரும் அழைக்கப் போவதற்கு முன்பே, ஒரு கட்டைப்பையோடு தானாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆவணியும் வந்தது, அத்தை போகவில்லை. இந்த வருடம் ஆடி மாதம் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்ததிலிருந்து அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் புடவைமேல் போட்டுக்கொண்டிருந்தாள். கழனி வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் போடுவதுதான். ஆனால் அத்தை சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை, தூங்கும்போதும் கழற்றவில்லை. ஏன் என்றால் "வெயிலுடி" என்பாள். வீட்டுக்குள் எங்கே வெயில் அடிக்கிறது என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆவணி நடுவில் மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமாவுக்குச் சிரித்த முகம். எனக்கென்று மைசூர்பாகு வேறு வாங்கி வந்திருந்தார். ஆகவே நான் அவர் கட்சி. அத்தையை அனுப்பச் சொல்லிப் பெரிய மாமா நியாயம் பேசினார். அப்பா தரையைப் பார்த்தபடி "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா யாரிடமும் முடியாது என்று சொல்லி அறியாதவர். இரவல் கேட்டவன் வீடுவரைக்கும் மண்வெட்டியைத் தூக்கிப்போய்க் கொடுத்துவிட்டு வருவார். கடைசியில் கதவோரம் நின்ற அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"தக்காளி நாத்து உட்டுக்கீறேன். மொதப் பழம் பழுக்கட்டும், வந்துடறேன்."

"பழுத்த ஒடனே ஜல்தியா அனுப்பி வெச்சிடணும் மச்சான்" என்றார் மாமா. அப்பா அதற்கும் சரி என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு தக்காளி நாற்றுகூடக் கிடையாது. அவர்கள் தலை மறைந்ததும்தான் அத்தை விதை வாங்க ஓடினாள்.

விதை முளைத்துவிட்டது. தண்ணீர்தான் பேஜாராகப் போயிற்று. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதைத் தொடர்ந்து ஊற்றினால் இலையெல்லாம் ஓரம் கருகும். வீட்டுக்குப் பின்னால் சவுக்குக் கம்பு நட்டு, மேலே பாலித்தீன் தாளும் சுற்றிலும் பச்சை வலையும் கட்டிச் செடிகளுக்கு ஒரு வீடு ஆக்கினாள். அதற்கு ஊரார் பச்சை பங்களா என்று பேர் வைத்தார்கள். எங்கள் வீட்டுச் சிமெண்ட் ஷீட் கூரையின் ஓரத்தில், நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயைக் கட்டி, மழைத்தண்ணீரை ஒரு நீல டிரம்மில் பிடித்தாள். டிரம் வாயில் வடிகட்ட அப்பாவின் வேட்டி. முதல் மழையில் கூரை அழுக்கு வரும் என்று அதை மட்டும் வெளியே விட்டுவிடுவாள்.

பிடித்த தண்ணீரை வீணாக்காமல் செடிக்குக் கொடுப்பது எப்படி? அந்தச் சமயம் ஊருக்கு வந்த விவசாய ஆபீசர் ஒருவர், "தக்காளிக்கு டிரிப் போடுங்க, சொட்டுச் சொட்டா எறங்குனா போதும்" என்று மைக்கில் பேசினார். அத்தை கூட்டத்துக்கு வெளியே நின்று அவ்வளவுதான் கேட்டாள். கல்யாணத்துக்கு முன் திண்டிவனத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவள். டிரிப் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய் டிரிப்ஸ் டியூப் வேண்டும் என்றாள்.

கடைக்காரர் பதறிப்போனார். "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

"தக்காளிக்குண்ணே."

அவர் சிரித்து ஓய்ந்த பிறகு, தேதி முடிந்து மூலையில் கிடந்த டியூப்களை ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினார். டிரம்மைச் செங்கல் மேடைமேல் ஏற்றி, அதிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து, ஹோஸில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு டியூப் சொருகி, ஒழுகாமல் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிவிட்டாள். செடிக்குச் செடி டிரிப்ஸ் ஏற ஆரம்பித்தது. மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்து, "இன்னாடி, தக்காளிக்குக் காய்ச்சலா? பெட்டுல சேத்துக்கினு கீற?" என்று கேட்டுப் போனார்கள். ஆபீசர் சொன்னது வேறு சாமான் என்று தெரிவதற்குள் செடிகள் தளதளவென்று வந்துவிட்டன.

நான்தான் டாக்டர். பள்ளிக்கூடம் விட்டதும் ஒவ்வொரு செடியாகப் போய், சொட்டு விழுகிறதா என்று பார்ப்பேன். சீக்கிரம் பழம் வரட்டும் என்று டியூபில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருகி வேகமாக விடுவேன். அத்தை பின்னாலேயே வந்து குறைத்துவிடுவாள். மஞ்சள் பூ வைத்தபோது நான் குதித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பூவைக் காணோம். அத்தை கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

"செடி பலமாவட்டும்டி."

அதற்கப்புறம் வந்த பூவையும் கிள்ளினாள். அதற்கடுத்ததையும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்துவிட்டுப் பூவைக் கிள்ளுகிறவளை நான் பார்த்ததே இல்லை. தலைதீபாவளிக்கு வந்த மாமா, புது வேட்டியோடு நேராகச் செடியைப் பார்க்கத்தான் போனார். "பூவே காணோமே" என்று சிரித்தார். அன்று முழுக்க அத்தை சிரிக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் அவர்கள் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். "பழுக்காத தக்காளி எங்கனா உண்டா மச்சான்?" என்று மாமா கேட்க, அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பச்சை பங்களாவுக்கு ஓடி, செடி செடியாக விலக்கித் தேடினேன். டிரம் மேடைக்குப் பின்னால், மண்ணில் சாய்ந்த ஒரு கிளையில், அத்தையின் விரலுக்குத் தப்பிய ஒன்று செக்கச்செவேலென்று கிடந்தது.

"பழுத்துடுச்சு! பழுத்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே வந்து அப்பா கையில் கொடுத்தேன்.

மாமா என் தலையைத் தடவினார். அத்தை என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவளாகக் கட்டைப்பையை எடுத்து வைத்துத் துணியைத் திணிக்க ஆரம்பித்தாள். பை அடிவரைக்கும் கை போக வேண்டியிருந்ததால் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே வட்ட வட்டமாகக் கறுத்த தழும்புகள், பீடி நுனி அளவுக்கு. அத்தைக்கு எப்போது அம்மை போட்டது என்று நான் யோசித்தேன். அப்பாவும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தன் கையிலிருந்த தக்காளியைப் பார்த்தார்.

"இது காய்ங்க."

"இன்னா மச்சான், கண்ணெதிர செவப்பா கீது!"

"காய்தாங்க. இது இப்போதைக்குப் பழுக்காது. பழுத்தா நானே வந்து சொல்றேன். நீங்க கெளம்புங்க."

அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். ஆனால் முதல்முறையாக மாமாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார். பெரிய மாமா ஏதேதோ சத்தம் போட்டார். அப்பா "காய்தாங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. கார் புறப்பட்டுப் போயிற்று. அத்தை தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். போகாமல் இருப்பதற்கு ஒருத்தி ஏன் அழ வேண்டும் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

எனக்கு வேறு கவலை. அடுப்படியில் நின்ற அம்மாவிடம் போய், அப்பாவுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ரகசியமாகச் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்குக் கண்ணு இன்னிக்குத்தான்டி நல்லாத் தெரியுது."

நல்லாத் தெரிகிற கண்ணுக்குச் சிவப்புத் தக்காளி எப்படிக் காயாகத் தெரியும்? அம்மாவுக்கும் கண்ணைக் காட்டத்தான் வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.