இலையோரம் மூன்று பீஸ் கட்டைகள்

கிணற்று மோட்டாரைச் செல்போனிலேயே ஓடவிடும் கருவியை வாங்கி மாட்டிய நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் வயல் இருப்பது குன்றாண்டார்கோவில் பக்கம். மணமேல்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபோதும், பக்கத்து இலையிலிருந்த மைத்துனரிடம் அதைப் பற்றித்தான் பெருமையடித்தேன்.

"எங்க, இங்கிட்டு இருந்தே போட்டுக் காட்டுங்க மச்சான்," என்றார் அவர்.

இடது கையால் போனை எடுத்து அழுத்தினேன். 'மின்சாரம் இல்லை' என்று செய்தி வந்தது. விடாமல் நாலு தடவை அழுத்தினேன். எதிர்வரிசைக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னையே வேடிக்கை பார்த்தார்கள்.

"இந்தக் கரண்டை நம்பி ஒரு காரியம் பண்ண முடியுதா?" என்று கத்தினேன்.

மறுபக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி கைப்பையைத் திறந்து, மூன்று பீஸ் கட்டைகளை எடுத்து என் இலையோரம் வைத்தாள்.

"கரண்டெல்லாம் இருக்குங்க. எலக்ட்ரீசியன் அண்ணன் இந்நேரம் மோட்டார் ரூம்ல ஒயர் மாத்திக்கிட்டு இருப்பாரு. நேத்து நீங்கதானே அவரை வரச் சொன்னீங்க? ஒங்க கை சும்மா இருக்காதுன்னுதான் மெயின் போர்டுல இருந்து இதக் கழட்டி எடுத்தாந்தேன்."

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. நானூற்று நாற்பது வோல்ட்! வெறும் கம்பியைப் பிடித்திருந்த மனிதருக்கு நாலு தடவை அல்லவா மோட்டார் போட்டிருக்கிறேன்! போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

இப்போதெல்லாம் வெளியூரிலிருந்து மோட்டார் போடுவதற்கு முன்பு வீட்டுக்குப் போன் செய்து, பக்கத்தில் யாரும் இல்லையே என்று மனைவியிடம் கேட்டுக்கொள்கிறேன். அவளும் என்னோடு வந்திருந்தால், முதலில் அவளுடைய கைப்பைக்குள் எட்டிப் பார்க்கிறேன்.