கேற்றுக்கு வெளியே அம்மா

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பினால் எங்கள் தீவுக் கரையில் கடல் கலங்கிவிடும். அப்போது வலை, சட்டி பானை, பாய் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு பாலம் தாண்டிப் பெருநிலக் கரைக்குப் போவோம். அங்கே ஓலைக் குடிசையாக வாடி அடித்து, காற்று ஓயும்வரை தொழில். என் அண்ணன்மார் இருவரும் வருடா வருடம் வாடிக்குப் போனார்கள். திரும்பி வரும்போது பள்ளிக்கூடம் அவர்களை விட்டுவிட்டு வெகுதூரம் போயிருக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கையெழுத்துக்கூட வராது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம், புலமைப்பரிசில் பரீட்சையில் நான் சித்தியடைவேன் என்று ரீச்சர் வீட்டுக்கு வந்து சொன்னார். அதனால் முதல்தடவையாக என்னை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

லொறியில் ஏறிய அம்மா குனிந்து சொன்னார். "மாமி சொல்லுறதைக் கேட்டு நட. சோதினை அண்டைக்கு நான் கட்டாயம் வருவன். கேற்றடியில நிப்பன். நீ வெளியில வரேக்க என்னைப் பார்."

அந்த வாக்கை வைத்துக்கொண்டுதான் அந்தச் சோழகத்தைக் கழித்தேன்.

மாமி அப்பாவின் தங்கை. கருவாடு காயப்போடும் வேலைக்கு விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பள்ளி தொடங்குமுன் ஒரு வகுப்பு, பள்ளி விட்டபின் ஒரு வகுப்பு, சனிக்கிழமையில் மாதிரிப் பேப்பர். புள்ளிகளை உரத்து வாசிப்பார்கள். குறைந்தவர்கள் எழும்பி நிற்க வேண்டும். என் பக்கத்தில் இருந்தவள் தன் புருவ மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொப்பிக்குள் வைப்பாள். ஒரு பக்கப் புருவமே இல்லாமல் போனபோது, பூச்சி கடித்திருக்கும் என்று ரீச்சர் எண்ணெய் பூசிவிட்டார். எனக்கு வயிற்றுக்குத்து. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாடிக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணன்மாரைப் போல் நானும் பின்தங்கிவிடுவேன்.

வாடியில் சிக்னல் இல்லை. பின்னாலுள்ள மணல் மேட்டில் ஏறி நின்றுதான் அம்மா பேசுவார்.

"என்ன சாப்பிட்டனி?"

"சோறு."

"மீனோ?"

"ஓம்."

பின்னாலிருந்து சின்னண்ணன் கத்துவான். "டொக்டரம்மா ஊசி போட எப்ப வருவா எண்டு கேளுங்கோ!" அவர்கள் சிரிப்பது கேட்கும். அன்று புள்ளி குறைந்து நான் எழும்பி நின்றதைச் சொல்ல வாயெடுப்பேன். காற்று இரைந்து, பேச்சு அறுந்துவிடும்.

பரீட்சையன்று மாமி என்னைக் கேற்றடியில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடினார். அம்மாவைக் காணவில்லை. மற்றத் தாய்மார் பின்னலைச் சரிசெய்தார்கள், நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார்கள். ஒரு தகப்பன் கடைசி நிமிடத்திலும் "ஏழெட்டு எவ்வளவு? கெதியாச் சொல்லு" என்று மகனை உலுக்கிக்கொண்டிருந்தார். நான் தனியாக உள்ளே போனேன்.

முதல் பேப்பர் முடிந்து இடைவேளைக்கு முற்றத்தில் விட்டார்கள். கேற்றைப் பார்த்தேன். திருவிழாவுக்கு மட்டும் கட்டும் நீலச் சேலை. அம்மா வந்திருந்தார். ஆனால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றார்.

சுற்றிலும் நின்ற தாய்மார் கம்பி வழியே எட்டி எட்டிப் பார்த்தார்கள். பொலிஸ்காரர் விரட்ட விரட்டத் திரும்பி வந்தார்கள். என் அம்மா அசையவில்லை. இருமினேன். தண்ணீர்ப் போத்தலை வேண்டுமென்றே சீமெந்தில் விழுத்தினேன். "அம்மா!" என்றேன். வாயில் விரல் வைத்து ஒரு ரீச்சர் என்னை அடக்கினார். அந்த முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது, திரும்பவில்லை.

என் குறைந்த புள்ளிகளை யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள், அதனால்தான் என் முகத்தைப் பார்க்கவும் விருப்பமில்லை என்று நினைத்தேன். இரண்டாம் பேப்பரில் நான் அழவில்லை. எழுதினேன். பென்சில் முனை இரண்டு தரம் உடைந்தது.

முடிந்து வந்ததும் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

"ஏன் என்னைப் பாக்கேல்ல?"

"பொலிஸ்காரர் சொன்னவரடி. சைகை காட்டினா பிள்ளையின்ர பேப்பரைச் செல்லாதெண்டு தள்ளிப்போடுவினமாம். நான் உன்னைப் பாத்துச் சிரிக்க, அதைச் சைகை எண்டு பிடிச்சிட்டாங்கள் எண்டால்? அதான் திரும்பி நிண்டனான்."

"உங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாதே அம்மா! என்னத்தைச் சைகை காட்டப் போறீங்கள்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமே?" என்றவர், பிறகு, "போத்தலை விழுத்தினது நீதானே? இருமினதும் கேட்டது" என்றார்.

அன்று பின்னேர பஸ்ஸிலேயே வாடிக்குத் திரும்பிப் போனார்.

என் புள்ளி சித்திக்கான வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படியொரு செய்தி வந்ததேயில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கொஞ்ச நாளில் அவளுடைய புருவம் மறுபடி முளைத்தது. எனக்குத் தூரத்து நகரமொன்றில் பெரிய பள்ளிக்கூடமும் விடுதியும் கிடைத்தன. இனி எல்லாச் சோழகமும் எனக்கு அவர்கள் இல்லாத சோழகம்தான் என்று பெட்டி அடுக்கும்போதே விளங்கியது. ஆனாலும் போக மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

விடுதிக் கேற்றில் நின்ற காவலாளியிடம் அம்மா மெல்லக் கேட்டார். "ஐயா, இஞ்ச நிண்டு பிள்ளையைப் பாக்கலாமோ? பிழையில்லையே?"

"வடிவாப் பாருங்கோ அம்மா. ஆர் மறிச்சது?"

அம்மா கேற்றுக் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். திரும்பினால் அழுதுவிடுவேன். முற்றத்தில் நின்ற புதுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிடுவார்கள். விடுதிக் கதவு வரைக்கும் அம்மா என் முதுகைத்தான் பார்த்திருப்பார்.