லிஃப்ட் பழுது

ஆய்வகத்துக்குக் காயில், அதாவது காந்தச் சுருள், சுற்றித் தரும் 'காயில்' அக்காவின் வேலை சரியில்லை, அதனால்தான் பரிசோதனை சொதப்புகிறது என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவர் ஆய்வகத்துப் பேராசிரியரேதான். இருபது வருடம் செம்புக் கம்பி சுற்றிய கைக்கு இப்படியொரு பெயரா? அக்காவுக்குப் பற்றி எரிந்தது.

அந்த ஆய்வகத்தில் மூலக்கூறுகளை உறைபனியைவிடப் பல மடங்கு குளிர்வித்து, அவை ஒன்றோடொன்று வினைபுரியலாமா கூடாதா என்பதைக் காந்தப்புலத்தை வைத்துத் தீர்மானிப்பார்கள். புலம் மயிரிழை பிசகினாலும் மூலக்கூறுகள் வினைபுரிந்து மாயமாகிவிடும்.

அக்கா ஒரு வாரம் நோட்டும் கையுமாக உட்கார்ந்தாள். தினமும் பதினொன்றேகாலுக்குத்தான் அவை மாயமாயின. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். பேராசிரியர் அதில் டீக்கு இறங்கும் நேரம். அவ்வளவு இரும்பு நகர்ந்தால் புலம் சும்மா இருக்குமா?

வாட்ச்மேனிடம் 'லிஃப்ட் பழுது' பலகையை இரவல் வாங்கி மாட்டினாள். அன்று ஒன்றும் மாயமாகவில்லை.

"பாத்தீங்களா சார்? கோளாறு என் காயில்ல இல்ல, உங்க டீயிலதான்."

"சரி சரி, விடும்மா."

"எப்படி விடறது? கேன்டீன்ல சொன்னத கேன்டீன்லயே வந்து மாத்திச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. பலகையைக் கழற்றச் சொன்னால் கேன்டீன் பேச்சு வரும் என்று நாலு மாடியும் மூச்சிரைக்க ஏறுகிறார்.

"அக்கா, என் பலகைய எப்ப தருவ?" என்கிறார் வாட்ச்மேன்.

"அவரு வாயத் திறக்கட்டும், தரேன்."

பலகை இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.