அப்பளத்துக்கு நான் வரைந்த மிஷின்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் மிஷின் வடிவமைப்பதைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவன் நான். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் வந்த தைரியம் இது. முறையாகப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். வெலிங்டன் தீவில் ஒரு பட்டறையின் சாமான் அறையில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பக்கத்து அறையில் படம் வரைகிறவர்கள் பேசுவது காதில் விழும். மிஷின் என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு பலம் தேவை என்று பார்க்க வேண்டும். அதைத் தாங்குகிற பொருளைத் தேர்ந்தெடுத்து அளவு போட வேண்டும். செய்து பார்த்து, தப்பைத் திருத்தி, மறுபடி வரைய வேண்டும். இவ்வளவுதானா என்று நினைத்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் எல்லாமே சுலபம்.

மனைவி வீட்டில் அப்பளம் இட்டு பஜாரில் ஒரு கடைக்குக் கொடுத்துவந்தாள். அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனி அப்பளக் குழவியைத் தொடக்கூடாது என்றார் வைத்தியர். அவளுக்குக் கடையை விட மனசில்லை. எங்கள் வீட்டில் வெளியே நல்ல பேர் வாங்கியிருந்தது அவளுடைய அப்பளம் ஒன்றுதான்.

"கையால இட வேண்டாம், நான் ஒரு மிஷின் பண்ணித் தரேன்" என்றேன்.

கேட்காமலே நான் பேசியது அபூர்வம் என்பதால் நம்பிவிட்டாள். ஓணத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே தருவதாகக் கடைக்காரரிடம் ஒப்புக்கொண்டும் வந்துவிட்டாள்.

இரண்டு பலகைகள், பின்னால் கீல், முன்னால் கைப்பிடி. நடுவில் மாவு உருண்டையை வைத்து மூடி அமுக்க வேண்டும். எவ்வளவு பலம் தேவை என்று பார்க்க, இரண்டு மணைகளுக்கு நடுவில் உருண்டையை வைத்து அம்மிக் குழவியை ஏற்றினேன். போதவில்லை. நானே ஏறி நின்றேன். அப்பளம் சரியாக வந்தது. உலகத்தில் ஏதோ ஒரு காரியத்துக்கு நான் சரியான அளவாக இருந்தது அன்றைக்குத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். உடைந்தால் மானம் போகுமே என்று பலகையின் கனத்தை இரண்டு மடங்காக வரைந்தேன்.

ஆசாரி படத்தைப் பார்த்தார். இந்த ஊர் ஈரத்தில் கரையான் தின்றது போக மிச்சம் இருக்க வேண்டாமா என்று, தன் பங்குக்குப் பலா மரத்தில் கனம் சேர்த்தார். கீல் அடித்த கொல்லர் மீன்பிடி வள்ளங்களுக்கு இரும்பு சாமான் செய்கிறவர். "உப்புக்காத்து பாதியைத் தின்னும், அண்ணாச்சி. மிச்சம்தான் உங்களுக்கு" என்று சொல்லி, மேல் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டையும் அடித்துக் கொடுத்தார். நான் ஏற்கெனவே சேர்த்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருவரிடமும் தலையாட்டினேன். ஆக, பயத்துக்கு ஒரு பங்கு, கரையானுக்கு ஒரு பங்கு, துருவுக்கு ஒரு பங்கு.

மிஷினை இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். தோணி கட்டப் போகிறீர்களா என்று எதிர்வீட்டுச் சேட்டன் கேட்டார்.

முதல் அப்பளம் வட்டமாக வந்தது. கைப்பிடியை அமுக்கவே வேண்டியிருக்கவில்லை. மேல் பலகையின் கனமே அமுக்கிவிட்டது. நான் பெருமையோடு நின்றேன். அப்புறம் அவள் பலகையைத் தூக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு அப்பளத்துக்கும் தூக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மணைமேல் ஏறி நின்று பார்த்தபோது, அமுக்கி முடிந்ததும் நானாகவே இறங்கிக்கொண்டேனே.

இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உத்தரத்தில் கயிறு போட்டு, மறுமுனையில் ஒரு கல்லைக் கட்டினால் தூக்குவது லேசாகும் என்றேன்.

"அந்தக் கயித்துலயும் கரையானுக்குன்னு கொஞ்சம் சேர்ப்பாரா உங்க ஆசாரி?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவர்கிட்ட போய்ப் பலகையைச் சீவித் தரச் சொல்லுங்க. அது போதும்" என்றாள்.

போனேன். மிஷின் எப்படி என்று ஆசாரியே முதலில் கேட்டுவிட்டார். ரொம்ப உறுதியாக இருக்கிறது என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து சாயா வரவழைத்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பலகையைப் பற்றிக் கேட்கவில்லை.

"சாயா குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

மறுநாள் காலையில் அவள் கடைக்குப் போய், ஓணத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். நான் படகேறி வேலைக்குப் போனேன்.