நோரீன் வீட்டு இடது தூண்

அயர்லாந்தில் எங்கள் டிப்பரரிப் பக்கம் சேற்றிலும் மேட்டிலும் எதையாவது தூக்க வேண்டுமென்றால் கார்மக்கைத்தான் கூப்பிடுவோம். மார்பளவுச் சக்கரம் போட்ட ஃபோர்க்லிஃப்ட் அவனுடையது. வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தானென்றால் ஆளை விடமாட்டான்.

“முன்சக்கரம் மட்டும் திரும்பினா ரோட்டுக்கு. பின்சக்கரம் எதிர்ப்பக்கமா திரும்பினா சின்ன இடத்துலயும் சுத்திடும். நாலும் ஒரே பக்கம் திரும்பினா நண்டு நடை!” என்று மதுக்கடை மேசையில் பீர் நுரையைத் தொட்டுப் படம் போடுவான். நோரீன் எதிரில் இருந்தால் படம் இன்னும் பெரிதாகும். கணவனை இழந்த நோரீனை அவனுக்குப் பிடிக்கும். பதினோரு வருடமாக ஊருக்கே தெரியும், அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

போன வசந்தத்தில், பாதிரியார் முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து ஊரைக் கூட்டி வைக்கும் வீட்டுப் பூசை அவள் முறைக்கு வந்தது. முறை வந்துவிட்டால் எங்கள் பெண்கள் நாய்க்கூண்டுக்குக்கூட பெயின்ட் அடிப்பார்கள். நோரீன் கேட்டின் இரண்டு கல் தூண்களுக்கும் வெள்ளையடித்திருந்தாள். பூசைக்கு முந்தின நாள்தான் அவள் சொல்லிவைத்த முந்நூறு கிலோ இரும்பு அடுப்பு ரோட்டில் வந்து இறங்கியது.

“கார்மக், தூண்ல ஒரு கீறல் விழட்டும், அப்புறம் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்” என்றாள்.

நான் ஏணியில் நின்று ஜன்னலுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். வண்டிக்கும் தூண்களுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடைவெளி. பயல் உரசாமல் நுழைந்தான், முற்றத்தில் ஒரே சுற்றில் திரும்பினான், நண்டு நடையில் சுவரோரம் ஒதுங்கினான். தரை சரிவாக இருந்ததால் வண்டியின் உடலை மட்டமாக்கி, அடுப்பை வாசற்படியில் சத்தமில்லாமல் இறக்கினான்.

“அடேங்கப்பா! உன்னை மாதிரி யாரு ஓட்டுவா!” என்றாள் நோரீன்.

அங்கேதான் கெட்டது. நண்டு நடையை மாற்றும் முன் நான்கு சக்கரத்தையும் நேராக்க வேண்டும். எங்களுக்கு நூறு தடவை சொன்னவன், அன்று சக்கரத்தைப் பார்க்காமல் நோரீனைப் பார்த்துக்கொண்டே மாற்றினான். முன்பக்கம் கேட்டுக்குப் போனது, பின்பக்கம் கோணலாகவே வந்தது. இடது தூண் ரோட்டில் கிடந்தது.

கார்மக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். “நானே கட்டித் தர்றேன், நோரீன்.”

“அது கிடக்கட்டும். காலையில பாதிரியார் வந்து யாரு இடிச்சதுன்னு கேப்பாரு. தூண் நின்ன இடத்துல நீயே நின்னு பதில் சொல்லு.”

நின்றான், கோட்டு போட்டுக்கொண்டு. பூசைக்கு வந்த நாற்பது பேருக்கும் பதில் சொன்னான். நான் மட்டும் இரண்டு தடவை கேட்டேன்.

ஒரு தூண் கட்ட இரண்டு நாள் போதும். கார்மக் எட்டு மாதம் கட்டினான். தினமும் அந்த அடுப்பில்தான் அவனுக்குத் தேநீர். நோரீன் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. முடிந்தபோது வாசல் பழையதைவிட நாலடி அகலமாக இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட் இப்போது ராத்தங்குவது அந்த முற்றத்தில்தான்.