சாமித்தம்பிக்குக் கிடைக்காத பத்திரம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கண்டி வீதியில் இராணுவ லொறி ஏதாவது பள்ளத்தில் விழுந்தால் துறைமுகப் பட்டினத்தில் என் தகப்பனார் வைத்திருந்த, வாகனம் திருத்தும் கராஜுக்கு ஆள் வரும். வருகிறவன் அப்பாவை விசாரிக்கமாட்டான். "சாமித்தம்பி நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பான்.

சாமித்தம்பி ஈச்சிலம்பற்றுக்காரர். வயது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். பழைய லொறி ஒன்றின் பின்பக்கத்தில் இரும்புச் சட்டமும் கப்பியும் பூட்டி எங்களிடம் ஓர் இழுவை லொறி இருந்தது. அதை ஓட்டுகிறவர் அவர். விழுந்த வாகனத்தைக் கண்டவுடன் மற்றவர்களைப்போலச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார். அதைச் சுற்றி ஒருமுறை நடப்பார். மண்ணைக் காலால் மிதித்துப் பார்ப்பார். சாமான் ஏற்றிய லொறியானால், மேலே மூடிய படங்குச் சீலையை அதன் சாரதியைக் கொண்டே இறுக்கிக் கட்டுவிப்பார்.

"உங்கட முடிச்சை நீங்களே போடுங்க. துறைமுகத்தில போய் நீங்களே அவிழுங்க. பிறகு சாமான் குறைஞ்சதெண்டு கதை வரப்படாது."

அவருக்கு உதவியாக நின்றவன் வீரக்குட்டி. அதே ஊரவன், நாலைந்து வயது இளையவன், சாமித்தம்பியே கூட்டிவந்து சேர்த்தவன். வாய்க்காரன்.

"அண்ணை சங்கிலி போடுற கவனத்தில தாலியைக் கட்டியிருந்தா, அண்ணி மாசத்துக்கு ஒருக்காக் கோவிச்சுக்கொண்டு ஊருக்குப் போகமாட்டா," என்பான். சாமித்தம்பி சிரித்துக்கொண்டே அவன் தலையில் குட்டுவார்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில், வேறொரு கராஜ் இழுத்துவந்த லொறியிலிருந்து சீனி மூட்டைகள் காணாமற் போயின. அதன் பிறகு இராணுவப் போக்குவரத்துக் கந்தோரிலிருந்து எல்லாக் கராஜ்களுக்கும் ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அப்பாவின் ஆங்கிலக் கடிதங்களைப் பார்ப்பது என் வேலை. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்: வாகனம் இழுக்கும் ஒவ்வொருவரும் முன்பு குற்றம் எதுவும் செய்யாதவர் என்று பொலிஸ் பத்திரம் காட்டவேண்டும். பத்திரம் இல்லாதவர் இராணுவ வாகனத்தைத் தொடக்கூடாது.

சாமித்தம்பிக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. "நல்லது பிள்ளை. கள்ளர் ஆர், நாங்கள் ஆர் எண்டு இனியாவது தெரியட்டும்," என்றார்.

இரண்டு கிழமையில் பத்திரங்கள் வந்தன. வீரக்குட்டியின் பெயரில் குற்றம் ஒன்றுமில்லை. சாமித்தம்பியின் பெயருக்குக் கீழே, பன்னிரண்டு வருடத்துக்கு முன் அரசாங்க உப்பைத் திருடியதாகத் தானே ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் என்று எழுதியிருந்தது.

அவர்களுடைய ஊரில் கோடையில் களப்பு வற்றும்போது கரையோரம் உப்பு விளையும். அது அரசாங்கத்துடையது, அள்ளக்கூடாது. ஆனாலும் அள்ளாத வீடில்லை. காவற்காரர் பற்றைக்குள் மூட்டைகளைக் கண்டுபிடித்தால் ஊர்த் தலைவரான விதானையார் யாராவது ஒருவரைக் காட்டியாகவேண்டும். அதற்கு ஊரில், கோயில் திருவிழாவுக்கு வைப்பதுபோல, வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள். முறைக்காரன் கோட்டுக்குப் போய் "என்ர மூட்டைதான்" என்று சொல்லித் தண்டனையை வாங்கிக்கொண்டு வருவான். அதை யாரும் வெட்கமாக நினைக்கவில்லை. அந்த வருடம் முறை வீரக்குட்டியின் வீட்டுக்கு. பிடிபட்ட மூட்டைகளும் அவனுடையவைதான். ஆனால் அவன் மனைவிக்கு அன்று பிரசவ வலி. அப்போது கல்யாணம் ஆகாதிருந்த சாமித்தம்பி, "நீ நில்லு, நான் போறன்" என்று தோணி ஏறிவிட்டார்.

அப்பா யோசித்து ஒரு வழி சொன்னார். மூட்டைகள் தன்னுடையவை என்று வீரக்குட்டி சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்தால், அதைக் காட்டித் திரும்பவும் பத்திரம் கேட்டுப் பார்க்கலாம். அன்றே நான் அதை எழுதி முடித்தேன். வீரக்குட்டி மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாம் நாள் சாமித்தம்பியே கேட்டார்.

"அண்ணை, கோவிக்காதீங்க. நான் கையெழுத்து வைச்சா உங்கட பத்திரம் வெளுக்குமோ தெரியாது. என்ர பத்திரம் கறுக்கிறது நிச்சயம்."

"உன்ர மூட்டைதானே, வீரக்குட்டி?"

"ஓம், என்ர மூட்டைதான். உங்களுக்கு ஆயிரம் தரம் சொல்லுவன். எழுதித் தர ஏலாது." பிறகு அவன் அப்பாவின் பக்கம் திரும்பினான். "ரெண்டு பேரும் வீட்டில குந்தினா முதலாளிக்கு ஆர் லொறி ஓட்டுறது?"

அடுத்த நாட்காலை லொறியைக் கிளப்பும் திறப்பு வீரக்குட்டியின் கையில் இருந்தது.

சாமித்தம்பியின் மனைவி சீதேவி ஒரே ஒரு தடவை கராஜுக்கு வந்தாள். வாசலில் நின்று, "அண்டைக்கு உன்ர பொஞ்சாதிக்கு வயித்துநோ. இண்டைக்கு ஆருக்கு, வீரக்குட்டி?" என்றாள். அவன் குனிந்து சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாமித்தம்பி விறகு அடுக்கி விற்கும் காலை ஒன்றில் கொத்தும் வேலைக்குப் போனார்.

மார்கழி மழையில், பாலம்போட்டாற்றுக்கு அருகே, சாமான் லொறி ஒன்று வீதியை விட்டு வயலுக்குள் சரிந்தது. வீரக்குட்டி நேராக இழுத்தான். விழுந்த லொறி இன்னும் ஒரு முழம் புதைந்தது; எங்கள் இழுவை லொறியின் முன்சில்லுகள் நிலத்தை விட்டுக் கிளம்பின. செய்தி வந்ததும் அப்பா விறகு காலைக்குப் போய்ச் சாமித்தம்பியைக் காரில் ஏற்றினார். வெள்ளைக்கார அதிகாரியுடன் பேசுவதற்கு என்னையும் கூட்டிப்போனார்.

விழுந்த லொறியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பத்திரம் இல்லாதவர் உள்ளே போகக்கூடாது என்று கான்ஸ்டபிள் தடுத்தான். சாமித்தம்பி கயிற்றுக்கு வெளியே வயல் வரம்பில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார். "நேரா இழுக்காத. மருதமரத்தில கப்பியைக் கட்டிப் பக்கவாட்டில இழு. சில்லுக்குக் கீழ பலகை வை. ஆ, அப்பிடி. இப்ப விடு. மெள்ள, மெள்ள." வீரக்குட்டி ஒரு சொல் பிசகாமல் செய்தான். முக்கால் மணித்தியாலத்தில் லொறி வீதியில் நின்றது.

அதிகாரி வீரக்குட்டியின் தோளில் தட்டி ஒரு சிகரெட் டின்னைக் கொடுத்தார். பிறகு வரம்பைக் காட்டி, அந்த மனிதர் யார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"வேடிக்கை பாக்க வந்த ஆள் எண்டு சொல்லு," என்றார் அப்பா மெதுவாக.

நான் அப்படியே சொன்னேன். மூன்று வருடம் சிப்பாய்களோடு பழகிய சாமித்தம்பிக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும்.

வீரக்குட்டி டின்னைத் திறந்துகொண்டு கயிற்றருகே வந்தான். "பாதியை எடுங்க அண்ணை."

"வேடிக்கை பாக்க வந்தவனுக்கு எதுக்கடா?"

சாமான் லொறிக்கு அருகில் நின்ற வெளியாள் என்று கான்ஸ்டபிள் அவருடைய மடியைச் சோதிக்க வந்தான். அவன் கேட்பதற்கு முன்பே சாமித்தம்பி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றார். சோதித்து முடிந்ததும் சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

"காரில ஏறு, சாமித்தம்பி," என்றார் அப்பா.

அவர் திரும்பிப் பார்க்காமல் வீதியில் நடக்கத் தொடங்கினார். பட்டினத்துக்குப் பத்து மைலுக்கு மேல். மழை மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது. சற்று நேரத்தில் எங்கள் கார் அவரைத் தாண்டியது. அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை.